உஷார்! பட்டுக்கு எடை உண்டு, கம்ப்யூட்டருக்கு?

"அண்ணே, எனிடெஸ்க் ஓப்பன் பண்ணுங்க. அதுல வர்ற நம்பரைச் சொல்லுங்க."

சொல்கிறார்.

"அக்செப்ட் குடுங்க… ஆங், வந்துட்டேன். பாஸ்வேர்டு ஒண்ணு போட்டு வெச்சுடறேண்ணே, அடுத்த தடவை உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம் பாருங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

முதலாளி சாப்பிடப் போகிறார். ஆளில்லாத அறையில், திரையில் அம்புக்குறி மட்டும் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முள்ளிப்பட்டிலும் ஆரணியிலும் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலும் கம்ப்யூட்டர் இருக்கிற எந்தப் பட்டுக் கடையிலும் இந்தப் பேச்சு நடக்கலாம். டிசைன் சாஃப்ட்வேர் மக்கர் செய்தாலும், ஜி.எஸ்.டி. கணக்கு இடித்தாலும், கேமரா படம் வராவிட்டாலும் இப்போது ஆள் நேரில் வருவதில்லை. பெங்களூரிலோ சூரத்திலோ உட்கார்ந்தபடியே, எனிடெஸ்க் போன்ற ஒரு செயலி வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து, சரிசெய்துவிட்டுப் போகிறார். பஸ் செலவு மிச்சம், நாள் மிச்சம். இந்த வசதியை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் "பாஸ்வேர்டு ஒண்ணு போட்டு வெச்சுடறேன்" என்றாரே, அந்த ஒரு வரிக்குத்தான் நெஞ்சு பதற வேண்டும். வேலை முடிந்து அவர் போய்விட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். இனி உங்களைக் கேட்காமலே, ராத்திரி இரண்டு மணிக்குக்கூட, அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அவர் உள்ளே வரலாம். அந்த பாஸ்வேர்டு தெரிந்த வேறு எவரும் வரலாம்.

நம் தொழிலில் எதையும் கணக்கில்லாமல் கொடுத்த வழக்கம் உண்டா? பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் தராசில் ஏறி இறங்கி, நோட்டில் எழுதிய பிறகுதான் தறிக்காரர் வீட்டுக்குப் போகும். நெய்து வந்த புடவையும் மீதிப் பட்டும் மறுபடி தராசில் ஏறும். கொடுப்பவரும் வாங்குபவரும் சம்பந்திகளாக இருந்தாலும் எடை போடாமல் விடுவதில்லை. அதை யாரும் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வதில்லை. நாளைக்குப் பேச்சு வராமல் இருக்க இரண்டு பேருக்கும் அது காப்பு. ஒரு கிராம் ஜரிகைக்குக் கணக்கு வைக்கிற நாம், தொழில் முழுவதும் அடங்கிய கம்ப்யூட்டரை மட்டும் எடையும் போடாமல், நோட்டிலும் எழுதாமல், முகம் பார்த்தறியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகிறோம்.

அக்செப்ட் என்றால் என்ன கொடுத்தீர்கள்?

அந்தப் பச்சைப் பட்டனை அழுத்தும்போது, "என் திரையைப் பாருங்கள்" என்று சொல்வதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஒன்றும் மாற்றாமல் விட்டால் அது கொடுப்பது அதைவிட மிகப் பெரிது. உங்கள் கீபோர்டு, உங்கள் மவுஸ், நீங்கள் காப்பி செய்துவைத்த எழுத்து, கோப்புகளை இங்கிருந்து அங்கே அள்ளிக்கொண்டு போகும் வழி, புது சாஃப்ட்வேரை உள்ளே இறக்கும் வாய்ப்பு என எல்லாம் சேர்ந்தே போகிறது. நீங்கள் எந்த அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்களோ அதே அதிகாரத்தோடு அவரும் உட்காருகிறார். பெரும்பாலான கடைகளில் விண்டோஸில் இருப்பது ஒரே ஒரு கணக்கு, அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. ஆகவே வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார்.

அந்த வீட்டில் என்ன இருக்கிறது? வாடிக்கைக் கடைகளின் பட்டியல், யாருக்கு என்ன விலை, யாரிடம் எவ்வளவு பாக்கி, தறிக்காரர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், பிரவுசரில் "நினைவில் வை" என்று சேமித்த நெட் பேங்கிங் பாஸ்வேர்டு. எல்லாவற்றுக்கும் மேலே, டிசைன்.

டிசைனைப் பற்றி நின்று பேச வேண்டும். பிரான்சின் லியோன் நகரத்து நெசவாளி ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் தறிக்கு மேலே அட்டையை ஏற்றினார். ஓட்டை போட்ட அட்டை சொன்னபடி இழை எழும்பியது. கம்ப்யூட்டருக்கு அட்டையில் ஓட்டை போட்டுத் தகவல் ஊட்டும் பழக்கமே பிற்பாடு அந்த வழியில் வந்ததுதான். நம் தறிகளிலும் முந்தியும் பேட்டும் புட்டாவும் அட்டைக் கட்டுகளாகத் தொங்கின. ஒரு கட்டைத் திருட வேண்டுமானால் ஆள் வர வேண்டும், அவிழ்க்க வேண்டும், தூக்கிக்கொண்டு போக வேண்டும். காலையில் தறிக்கு வந்தவுடனே தெரிந்துவிடும், கட்டு இல்லை என்று.

இன்றைக்கு அதே டிசைன் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு. அதை ஒருவர் எடுத்துக்கொண்டு போனாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். காணாமல் போகாத களவு இது! உங்களுக்கு எப்போது தெரியும்? நீங்கள் ராப்பகலாக வரைந்து, இன்னும் முதல் புடவையே தறியிலிருந்து இறங்காத நேரத்தில், அதே முந்தி விசைத்தறியில் ஓடி, பாதி விலைக்கு எங்கோ ஒரு கடையில் தொங்கும்போது தெரியும். 1985-ல் வந்த சட்டத்தின் கீழ் 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன, சேலையும் அந்தப் பட்டியலில் உண்டு. 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதிந்தால் 10 ஆண்டு உரிமை, மேலும் 5 ஆண்டு நீட்டிப்பு. ஆனால் புதியது, முன்பே வெளிவராதது என்பது அந்தப் பதிவுக்கு அடிப்படை நிபந்தனை. பதியும் முன்பே கோப்பு வெளியே போய்விட்டால் யாருடையது முதல் என்ற வழக்குக்கு நாம்தான் அலைய வேண்டும்.

முன்பின் தெரியாத குரல்

ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. முதல் வழி பலருக்கும் காதில் விழுந்தது. "பேங்க்லேருந்து பேசறோம், கே.ஒய்.சி. முடியப் போகுது" என்றோ, "நீங்க அனுப்பின பணம் சிக்கியிருக்கு, திருப்பித் தர்றோம்" என்றோ ஒரு குரல். ஒரு செயலியை இறக்கச் சொல்லும். அதில் தெரியும் எண்ணைக் கேட்கும். சொன்னதும் உங்கள் செல்போன் திரை அங்கே தெரியும். பிறகு உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அவர்களே படித்துக்கொள்வார்கள்.

2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் இதைப் பற்றி எச்சரிக்கை அனுப்பியது. எனிடெஸ்க் செயலியின் பெயரைச் சொல்லியே அனுப்பியது. செயலியில் குற்றமில்லை. அது நேர்மையான வேலைக்குச் செய்த கருவி, அதைத்தான் திருடர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். போன பணத்தை வங்கி தந்துவிடும் என்ற நினைப்பும் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை உத்தரவு தெளிவாகவே சொன்னது. ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே கொடுத்து, அந்தக் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் முழுவதும் அவர் தலையில்தான்.

தெரிந்தவர் கையில் இருக்கும் சாவி

இரண்டாவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான். வருபவர் திருடர் இல்லை. நமக்குத் தெரிந்த தம்பி, நல்ல வேலைக்காரர். அவரிடம் நம் கம்ப்யூட்டருக்கு நிரந்தர பாஸ்வேர்டு இருக்கிறது. அவருக்கு நம்மைப் போல் பல கடைகள். எல்லாக் கடைக்கும் நினைவில் நிற்க ஒரே பாஸ்வேர்டு போட்டிருந்தால்? அதை ஒரு நோட்டிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வைத்திருந்தால்? அவர் வேலை செய்த கம்பெனியை விட்டு விலகி, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தால்? அவருடைய லேப்டாப்பில் வைரஸ் புகுந்தால்? அவர் நல்லவர் என்பது இதில் எதையும் தடுக்காது.

அவரையும் விடுங்கள். கருவியைச் செய்த கம்பெனிக்கே ஆபத்து வந்திருக்கிறது. எனிடெஸ்க் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கம்பெனி. தன் சர்வர்களுக்குள் அந்நியர் புகுந்துவிட்டதாக 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி அதுவே அறிவித்தது. பழைய பாதுகாப்புச் சான்றிதழ்களை ரத்து செய்தது, தன் இணையத் தளத்தின் பாஸ்வேர்டுகளைச் செல்லாததாக்கியது, வாடிக்கையாளர்களைப் புதிய பதிப்புக்கு மாறச் சொன்னது. உங்கள் கடையில் இருப்பது எப்போது இறக்கிய பதிப்பு? தெரியாது என்றால் இன்றைக்கே பாருங்கள்.

கும்பகோணத்தில் ஓடாத பிரிண்டர்

"எனக்கு வந்து என்னத்தை எடுத்துட்டுப் போகப் போறான்" என்று சொல்பவர்களுக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று. 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி, காவல் போட்டுப் பணம் காக்கிற இடம். 2018 பிப்ரவரியில் அதன் கம்ப்யூட்டர்களுக்குள் வெளியிலிருந்து புகுந்தவர்கள், நாடுவிட்டு நாடு பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் முறையில் மூன்று உத்தரவுகளைப் போட்டார்கள். துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மொத்தம் 20 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு.

அன்றைக்கு ஒரு சின்ன விஷயம் நடந்தது. அனுப்பிய பணத்துக்கு ஒப்புதல் சீட்டு அடித்துத் தரும் பிரிண்டர் ஓடவில்லை. பிரிண்டர்தானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றும். அந்தச் சீட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே உள்ளே புகுந்தவர்கள் பிரிண்டரை முடக்கியிருந்தார்கள். மறுநாள், பிப்ரவரி 7-ஆம் தேதி, கணக்கைச் சரிபார்க்கும்போதுதான் வங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகள் கண்ணில் பட்டன. உடனே தகவல் பறந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலும் பிரிண்டரை முடக்கிவிட்டுத்தான் 8 கோடியே 10 லட்சம் டாலரைக் கொண்டுபோனார்கள்.

கும்பகோணத்தைக் காப்பாற்றியது எது? மறுநாளே சரிபார்த்த கணக்கு. தராசில் போட்டுப் பார்க்கும் அதே பழக்கம். பார்த்த அன்றே தெரிந்தது, அதனால் ஒரு பகுதியாவது மிஞ்சியது. நம் கம்ப்யூட்டருக்குள் நேற்று யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார் என்று நாம் பார்க்கிறோமா?

ஒரே வலையில் எல்லாம்

இன்னொரு தவறும் சேர்ந்தே நடக்கிறது. ஒரு வைஃபை பெட்டி. அதிலேயே டிசைன் கம்ப்யூட்டர், கணக்குக் கம்ப்யூட்டர், கேமரா, எலெக்ட்ரானிக் ஜக்கார்டின் கன்ட்ரோல் பெட்டி, கடைக்கு வரும் வியாபாரியின் செல்போன், பிள்ளைகள் விளையாடும் டேப்லெட். கேமரா சரிசெய்ய வந்தவருக்குக் கொடுத்த வழி, சுற்றிக்கொண்டு கணக்குப் பெட்டி வரை போகும்.

2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை இப்படித்தான் முடங்கியது. ஐந்து சர்வர்களில் இருந்த தகவல்களைப் பூட்டிவிட்டார்கள். நாட்டின் பெரிய மருத்துவமனையில் நாள்கணக்கில் பேனாவும் காகிதமும்தான் ஓடின. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததால் புகுந்துவிட்டார்கள் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொன்னது.

இதன் மறுபக்கத்தைக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் பார்க்கலாம். 2019-ல் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் உளவு மென்பொருள் புகுந்திருந்தது. செப்டம்பர் 4-ஆம் தேதி சைபர் அவசரகால அமைப்பான செர்ட்-இன் தகவல் சொன்னதாக, அக்டோபர் 30-ஆம் தேதி அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்தக் கம்ப்யூட்டர் அலுவலக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த நெட்வொர்க்கில் இருந்தது. முக்கியமான உள் நெட்வொர்க் தனியாகப் பிரிந்திருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று கழகம் விளக்கியது. ஒரு அறையில் தீப்பிடித்தாலும் அடுத்த அறைக்குத் தாவாதபடி சுவர் வேண்டும். பாவு வைக்கிற அறையில் அடுப்பு மூட்டுவோமா?

எடை போட்டுக் கொடுப்பது எப்படி?

வெளியூர் உதவி வேண்டாம் என்று சொல்லவே முடியாது. கொடுக்கும்போது அளந்து கொடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. பாதி வேலை, ஒரு அரை நாள் உட்கார்ந்தால் முடியும்.

யாருக்கு? ஒவ்வொருவருக்கும் விண்டோஸில் தனித்தனிக் கணக்கு. டிசைனருக்கு ஒன்று, கணக்கருக்கு ஒன்று, வெளியாளுக்கு ஒன்று. எல்லாம் சாதாரணக் கணக்காக இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு முதலாளியிடம் மட்டும். புது சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டுமென்றால் அவர் உங்களைக் கேட்கட்டும், நீங்கள் தட்டிக் கொடுங்கள்.

எதற்கு? எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகளில் அனுமதிகளைக் குறைக்கும் பகுதி இருக்கிறது. குறையைப் பார்த்துச் சொல்ல மட்டும் என்றால் திரையைக் காட்டுங்கள், கீபோர்டையும் மவுஸையும் தராதீர்கள். சரிசெய்ய வேண்டுமென்றால் அவற்றைக் கொடுங்கள், ஆனால் கோப்பு அனுப்புவதையும் காப்பி செய்வதையும் மூடி வையுங்கள். டிசைன் கோப்பு எதற்காகவாவது வெளியே போக வேண்டுமென்றால் நீங்களே அனுப்புங்கள்.

எவ்வளவு நேரம்? ஆளில்லாமல் உள்ளே வரும் நிரந்தர பாஸ்வேர்டை இன்றைக்கே நீக்குங்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் அக்செப்ட் கொடுத்தால்தான் கதவு திறக்க வேண்டும். விண்டோஸில் உள்ள குவிக் அசிஸ்ட் ஒரு தடவைக்கான எண்ணைத்தான் தரும், அது சிறிது நேரத்தில் காலாவதியாகும். சின்ன வேலைக்கு அது போதும். வேலை முடிந்ததும் செயலியை மூடுங்கள். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே தானாகக் கிளம்பும்படி அது அமைந்திருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

யார் பார்த்துக்கொண்டு? சாப்பாடு பத்து நிமிடம் பொறுக்கும். அம்புக்குறி ஓடும்போது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத கோப்பறை திறந்தால் இணைப்பைத் துண்டிக்கத் தயங்கக் கூடாது. "என்ன தம்பி, அங்க என்ன வேலை?" என்று கேட்பதில் தப்பில்லை.

எந்தக் கம்ப்யூட்டர்? டிசைன்களின் மூலக் கோப்புகள் இணையமே இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் இருக்கட்டும், ஒரு நகல் தனி ஹார்டு டிஸ்க்கில் பீரோவுக்குள் போகட்டும். கேமராவுக்கும் வெளியாட்களின் செல்போனுக்கும் வைஃபையில் தனி இணைப்புப் பெயர் கொடுங்கள். கெஸ்ட் என்ற வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு.

ரகசியமாக நடக்கும் இன்னொரு காரியமும் உண்டு. வெளியிலிருந்து விண்டோஸின் சொந்த ரிமோட் வசதிக்கு நேராக வர, வைஃபை பெட்டியில் 3389 என்ற கதவைத் திறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உலகம் முழுவதும் பாஸ்வேர்டு ஊகிக்கும் இயந்திரங்கள் தட்டிப் பார்க்கிற கதவு அது. உங்கள் பெட்டியில் அது திறந்திருக்கிறதா என்று போட்டவரைக் கேளுங்கள். திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். வேண்டுமென்றால் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனி வழியாக வரட்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, நோட்டு. ஜரிகை நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு. தேதி, வந்தவர் பெயர், எந்தக் கம்ப்யூட்டர், என்ன வேலை, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனார். அனுமதியில்லாமல் கம்ப்யூட்டருக்குள் புகுவதும் தகவலை நகல் எடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வருகிறது. 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் நாம் எதற்கு அனுமதி கொடுத்தோம் என்று எழுத்தில் இல்லாவிட்டால், எதை மீறினார் என்று எப்படிக் காட்டுவது?

கை மீறிவிட்டதா?

திரை தானாக அசைகிறது, நீங்கள் போடாத பணம் போயிருக்கிறது, கோப்புகள் திறக்கவில்லை என்றால், முதலில் இணைய வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். எதையும் அழிக்காதீர்கள், புதிதாக விண்டோஸ் போட்டுவிடாதீர்கள். சாட்சி அதற்குள்தான் இருக்கிறது. பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930 எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, வழியிலேயே பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் மாவட்ட சைபர் கிரைம் போலீஸிலும் புகாரைப் பதியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு ஒரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதே கம்ப்யூட்டரில் மாற்றினால் புதியதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால் அதே குரல் நாளைக்கு உங்கள் பக்கத்து வீட்டுத் தறிக்காரருக்குப் போன் செய்யும்.

இன்றைக்குக் கடை சாத்தும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கம்ப்யூட்டரில் எனிடெஸ்க்கையோ டீம்வியூவரையோ திறந்து, நிரந்தர பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்குங்கள். நாளை காலை அந்தத் தம்பியே போன் செய்வார், "அண்ணே, உள்ள வர முடியலையே?" என்று. "வா தம்பி, நான் பக்கத்துலதான் இருக்கேன், எதுக்கு வரணும்னு சொல்லு, திறந்துவிடறேன்" என்று சொல்லுங்கள். நல்ல தம்பியாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். எடை போட்டதற்காக எந்தத் தறிக்காரரும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லையே!